தனியார் கையில் பழைய போர் விமானம்: வெளியேற்று ஆசனத்துக்கு வெடிமருந்து வேண்டுமா?

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆம் திகதி இலங்கை விமானப்படைக்குச் சொந்தமான கே-8 ரகப் பயிற்சி ஜெட் விமானமொன்று வாரியபொலப் பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த விமானிகள் இருவரும் பரசூட் மூலம் தரையிறங்கி உயிர்தப்பினர். 2011 மார்ச் முதலாந் திகதி, விமானப்படையின் 60 ஆவது ஆண்டு நிறைவு விழாவுக்கான ஒத்திகையின்போது யக்கல பகுதியில் இரண்டு கிபிர் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டன. அதில் ஒரு விமானி உயிர்தப்பினார், மற்றவர் உயிரிழந்தார். இத்தகைய செய்திகளை எழுதும்போது "விமானி பரசூட்டில் குதித்தார்" என்று குறிப்பிடுவது எமது பத்திரிகைகளின் வழக்கம். உண்மையில் ஜெட் விமானத்திலிருந்து எவரும் குதிப்பதில்லை. கைப்பிடியொன்றை இழுத்தவுடன் ஆசனத்தின் பின்னாலுள்ள வெடிமருந்து வெடித்து, விமானியை ஆசனத்தோடு சேர்த்து வானில் வீசியெறிகிறது. குதிப்பதற்கு அவருக்கு நேரமுமில்லை, வலுவுமில்லை.

வெளியேற்று ஆசனம் எனப்படும் இந்தச் சாதனம் விமானப்படைகளுக்கே உரியது என்பதுதான் எமது எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. எமது நாட்டில் ஜெட் போர் விமானம் அரசுக்கு மாத்திரமே சொந்தம். ஆனால் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே படைச் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ஜெட் விமானங்களைப் பணவசதியுள்ள தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் விலைக்கு வாங்கித் திருத்திப் பறக்கவிடுகின்றனர். 1959 ஆம் ஆண்டு அன்றைய அரச இலங்கை விமானப்படை கொள்வனவு செய்த ஜெட் ப்ரொவோஸ்ட் விமானம் இன்று இரத்மலானை விமானப்படை நூதனசாலையின் காட்சிப்பொருள். அதே குடும்பத்தைச் சேர்ந்த விமானங்கள் பிரித்தானியாவில் தனியார் கைகளில் இன்னமும் பறக்கின்றன. செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரிக்கப்பட்ட எல்-39, பிரித்தானியாவின் ஹொக்கர் ஹன்டர், சோவியத் ஒன்றியத்தின் மிக் ரகங்கள் என இந்தப் பட்டியல் நீளமானது.

இவற்றை வாங்குபவருக்கு விமானத்தோடு கூடவே வெளியேற்று ஆசனமும் வந்துசேர்கிறது. அதனை என்ன செய்வது? வெடிமருந்துத் தோட்டாக்களை உரிய இடங்களிற் பொருத்தி, இழுத்தால் இயங்கும் நிலையில் வைத்திருப்பதா? அன்றேல் தோட்டாக்களை நீக்கிவிட்டு வெறும் நாற்காலியாகப் பயன்படுத்துவதா? செல்வந்தரின் பொழுதுபோக்குச் சிக்கலாகத் தோன்றினாலும் இந்த வினாவுக்கு விடை தேடும்போது, விமானத்தில் ஏறாதவர்களின் உயிரும் கணக்கில் வந்துவிடுகிறது.

முதலில் ஆசனத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஆபத்து வேளையில் இத்தகைய ஆசனத்தைப் பயன்படுத்தி உயிர்தப்பிய முதல் மனிதர் ஜேர்மனியின் ஹெல்முட் ஷென்க் என்ற பரிசோதனை விமானி. 1942 ஜனவரி 13 ஆம் திகதி ஹெய்ன்கல் 280 என்ற ஜெட் விமானத்திலிருந்து அவர் வெளியேறினார். அந்த ஆசனம் அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கியது. பிரித்தானியாவில் ஜேம்ஸ் மார்ட்டினும் வலன்டைன் பேக்கரும் நடத்திவந்த மார்ட்டின் பேக்கர் நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. பேக்கர் 1942 இல் தமது நிறுவனத்தின் விமானமொன்றைப் பரீட்சித்தபோது உயிரிழந்தார். அதன் பின்னர் விமானியின் உயிர்காப்பையே மார்ட்டின் தமது வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டார். 1946 ஜூலை 24 ஆம் திகதி அந்நிறுவனத்தின் ஊழியரான பேர்னாட் லின்ச் பறந்துகொண்டிருந்த மீற்றியர் விமானத்திலிருந்து தாமாக முன்வந்து வெளியேறிக் காட்டினார். 1949 மே 30 ஆம் திகதி பரிசோதனை விமானி ஜோ லங்காஸ்டர் இந்த ஆசனத்தால் உண்மையான விபத்திலிருந்து தப்பினார். அன்றிலிருந்து இன்றுவரை மார்ட்டின் பேக்கர் ஆசனங்களினால் உயிர்தப்பியோரின் தொகை 7,000 ஐக் கடந்துவிட்டது.

கைப்பிடி இழுக்கப்பட்ட பின் நிகழ்வன யாவும் ஓரிரு விநாடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. விமானி அறையின் மேலுள்ள கண்ணாடி மூடி கழன்று பறக்கவேண்டும், அல்லது உடைந்து சிதறவேண்டும். அடுத்து ஆசனத்தின் பின்புறமுள்ள, குழாய்க்குள் குழாயாக அமைந்த சிறு பீரங்கி போன்ற பகுதியில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து ஆசனத்தை மேலே தள்ளும். பிற்கால ஆசனங்களில் இதனோடு ரொக்கெட் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. மேலே வந்த ஆசனத்தை நிலைப்படுத்த ஒரு சிறு பரசூட் விரிய வேண்டும். பிறகு வார்ப்பட்டிகள் தாமாக அவிழ்ந்து, ஆசனம் விலகி, பெரிய பரசூட் விரிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை சரியாக இயங்கியதால் பயனில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மனிதவுடல் புவியீர்ப்பின் 12 மடங்கு முதல் 20 மடங்கு வரையான விசையைத் தாங்க நேரிடுகிறது. முதுகெலும்பு நொருங்குவது இதில் வழக்கமாக ஏற்படும் காயம். உயிர் மிஞ்சியதே பெரிதென்று அதனை விமானிகள் ஏற்றுக்கொள்கின்றனர்.

இத்தனை ஆபத்தான பொருளை ஒரு தனிநபர் ஏன் தம் விமானத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அதற்குத் தக்க மறுமொழி உண்டு. ஹன்டர், மிக் போன்ற விமானங்களின் இறக்கைகள் பின்னோக்கிச் சரிந்தவை. வேகத்துக்காக ஏற்பட்ட வடிவம் அது. அவை தரையிறங்கும் வேகமே மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் அதிகம். இயந்திரம் நின்றுபோனால், சிறு செஸ்னா விமானத்தைப்போல வயலிலோ புல்வெளியிலோ இறக்கிவிட இயலாது. நீண்ட ஓடுபாதை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் உயிரோடு மீள்வதற்கு ஆசனத்தைத் தவிர வேறு வழி கிடையாது. முதுகில் ஒரு பரசூட்டைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்து ஏறிக் குதிக்கலாமே என்றால், அந்த வேகத்தில் மோதும் காற்று மனிதனை எழவே விடாது. எழுந்தாலும் வாற்பகுதியில் மோதுண்டு இறக்கவே வாய்ப்பு அதிகம். வெளியேற்று ஆசனம் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தக் காரணத்தினால்தான். ஆகவே சரிந்த இறக்கையுடைய ஜெட் ஒன்றை வெடிமருந்து நீக்கிய ஆசனத்துடன் ஓட்டுபவர், தப்பும் வழியை அடைத்துவிட்டே மேலேழுகிறார். பிரித்தானிய அதிகாரிகள் இவ்வகை விமானங்களுக்கு ஆசனம் முழுமையாக இயங்கும் நிலையில் இருக்கவேண்டுமென வலியுறுத்தியதும், நேரான இறக்கையுடைய மெதுவான ஜெட் விமானங்களில் சற்று நெகிழ்ந்துகொடுத்ததும் இதன் பொருட்டே. அமெரிக்காவில் இத்தெரிவு பெருமளவு உரிமையாளரிடமே விடப்பட்டுள்ளது. அங்கு எல்-39 வைத்திருப்போரிற் பலர் ஆசனத்தைச் செயலிழக்கச் செய்துவிட்டே பறக்கின்றனர்.

வாதம் இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. ஆசனம் "இயங்கும் நிலையில்" இருப்பதென்றால் என்ன என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

தோட்டாவிலுள்ள மருந்துக்கு ஆயுட்காலம் உண்டு. களஞ்சியத்தில் எத்தனை ஆண்டு, ஆசனத்திற் பொருத்திய பின் எத்தனை ஆண்டு என்று தனித்தனியே திகதி குறிக்கப்பட்டிருக்கும். வெப்பமும் ஈரமும் அந்த மருந்தைச் சிதைக்கின்றன. சிதைந்த மருந்து வலுக்குறைந்து வெடிக்கலாம், வெடிக்காமலே போகலாம். பரசூட்டின் துணியும் முதுமையடைகிறது. விமானப்படையொன்றில் இவற்றைக் கழற்றிப் பரிசோதித்து மாற்றுவதற்கென்றே பயிற்றப்பட்ட பிரிவு இருக்கும். உதிரிப்பாகங்களை வழங்கத் தயாரிப்பாளர் இருப்பார். அந்த ரகம் சேவையிலிருந்து நீங்கி 30, 40 ஆண்டுகள் கழிந்த பின்னர் ஒரு தனியார் கொட்டகையில் இச்சங்கிலியின் எத்தனை கண்ணிகள் மிஞ்சியிருக்கும்? தேவை குறைந்த பழைய தோட்டாக்களைத் தயாரித்துக்கொண்டிருப்பதில் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை. ஆசனம் தவறினால் வழக்கு மாத்திரம் வந்துசேரும்.

தென்னாபிரிக்காவில் நிகழ்ந்ததொன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கேப்டவுனில் இயங்கிய தண்டர் சிட்டி என்ற தனியார் நிறுவனம் பிரித்தானியாவின் பழைய லைட்னிங், ஹன்டர் விமானங்களை வைத்திருந்தது. பணம் செலுத்துவோரை ஏற்றிச்செல்வதும் அதன் தொழில்களுள் ஒன்று. 2009 நவம்பர் 14 ஆம் திகதி ஓவர்பேர்க் விமானப்படைத் தளத்தில் நடந்த விமானக் காட்சியில் அதன் இரட்டை ஆசன லைட்னிங் விமானம் கலந்துகொண்டது. பறந்துகொண்டிருந்தபோது விமானத்தின் பின்பகுதியில் தீப்பற்றியது. திரவ அழுத்த விசையால் இயங்கும் கட்டுப்பாடுகள் செயலிழந்தன. விமானி வெளியேற முயன்றார். கண்ணாடி மூடி கழலவில்லை. மூடி கழன்றால் மாத்திரமே ஆசனம் இயங்கும் என்பது அந்த அமைப்பின் விதி. விமானத்தோடு அவரும் மாண்டார். பராமரிப்பிலிருந்த குறைகளைப் பின்னர் வெளியான விசாரணை அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. அந்த விமானி ஏறும்போது தம் ஆசனம் தம்மைக் காக்குமென்றே நம்பியிருப்பார். ஆசனத்தில் வெடிமருந்து இல்லையென்று தெரிந்த விமானி சில வேளைகளில் பறக்காமலே இருந்திருப்பார், பறந்தாலும் கூடுதல் உயரத்தில், ஓடுபாதைக்கு அண்மையில், எச்சரிக்கையோடு பறந்திருப்பார். நம்பவியலாத ஆசனம் அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

ஆசனம் கேட்டபோது இயங்காததைப் போலவே, கேளாதபோது இயங்கிவிடுவதும் உண்டு. 2011 நவம்பர் 8 ஆம் திகதி பிரித்தானிய விமானப்படையின் புகழ்பெற்ற ரெட் அரோஸ் சாகசக் குழுவைச் சேர்ந்த விமானி ஷோன் கனிங்ஹம், ஸ்கம்ப்டன் தளத்தில் தமது ஹோக் விமானத்தைப் பறப்புக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார். விமானம் தரையிலேயே நின்றது. ஆசனம் திடீரென வெடித்து அவரை மேலே வீசியது. முந்திய பறப்பொன்றின்போது கைப்பிடி சற்று இடம்பெயர்ந்திருந்தது. பாதுகாப்பு ஊசி அதற்குரிய துளையினூடாகச் சென்றிருப்பதுபோலத் தோற்றமளித்தாலும் கைப்பிடியைப் பூட்டவில்லை. அந்த ஆசனம் நின்ற நிலையிலும் உயிர்காக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஆயினும் பரசூட்டை இழுத்து விரிக்கும் இணைப்பிலிருந்த மரையாணி அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தமையால் பெரிய பரசூட் விரியவில்லை. அவர் உயிரிழந்தார். 2018 பெப்ரவரியில் மார்ட்டின் பேக்கர் நிறுவனம் குற்றத்தை ஏற்றுக்கொண்டதையடுத்து நீதிமன்று 11 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. உலகின் தலைசிறந்த விமானப்படைகளுள் ஒன்றில், சேவையிலிருந்த விமானத்தில், தயாரிப்பாளரின் ஆதரவோடு பராமரிக்கப்பட்ட ஆசனத்தில் நிகழ்ந்த தவறு இது. வார இறுதியில் இருவர் சேர்ந்து பராமரிக்கும் ஆசனத்தைப் பற்றி என்ன சொல்வது?

பின் ஆசனத்தில் அமர்பவரைப் பற்றியும் பேசவேண்டும். தனியார் ஜெட் விமானங்களிற் பெரும்பாலானவை இரட்டை ஆசனங் கொண்ட பயிற்சி விமானங்கள். நண்பரையோ உறவினரையோ வாடிக்கையாளரையோ ஏற்றிச் செல்வதில்தான் உரிமையாளருக்கு மகிழ்ச்சி. அந்த விருந்தினர் தம் கால்களுக்கிடையே ஒரு கைப்பிடியோடு அமர்ந்திருக்கிறார். 2019 மார்ச் 20 ஆம் திகதி பிரான்ஸின் சென் டிசியே தளத்திலிருந்து புறப்பட்ட ரபேல் போர் விமானமொன்றில் 64 வயதான சிவிலியன் ஒருவர் பயணியாக ஏற்றப்பட்டார். சக ஊழியர்கள் அவருக்கு வழங்கிய எதிர்பாராத பரிசு அது. அவர் கேட்டுப் பெற்றதல்ல. புறப்பட்டுச் சற்று நேரத்தில் விமானம் மேலேறி மட்டமாகியபோது உடல் ஆசனத்தைவிட்டு எழுவதுபோன்ற உணர்வு ஏற்பட்டது. வார்ப்பட்டிகள் போதியளவு இறுக்கப்பட்டிருக்கவில்லை. அகப்பட்டதைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. அவர் பற்றியது கைப்பிடியை. மறுகணம் அவர் வெளியே வீசப்பட்டார், தலைக்கவசமும் கழன்று போயிற்று. பெருங்காயமின்றிப் பரசூட்டில் இறங்கினார் என்பது அதிர்ஷ்டம். அந்த அமைப்பின்படி முன்னிருந்த விமானியும் வெளியே வீசப்பட்டிருக்க வேண்டும். தொழில்நுட்பக் கோளாறொன்றால் அவருடைய ஆசனம் இயங்கவில்லை. அதனாலேயே அவர் மூடியற்ற விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அன்று ஆசனம் குறையின்றி இயங்கியிருந்தால் ஆளில்லா ரபேல் எங்கே வீழ்ந்திருக்கும் என்பதை எவரும் கூறமுடியாது.

அதனை நாம் ஊகிக்கத் தேவையில்லாத அளவுக்கு 2023 ஆகஸ்ட் 13 ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நிகழ்வு நடந்தது. தனியாருக்குச் சொந்தமான மிக்-23 இரட்டை ஆசன விமானம் வில்லோ ரன் விமான நிலையத்திற் காட்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்தது. இயந்திரத்தின் மேலதிக உந்துவிசை எதிர்பார்த்தவாறு கிடைக்கவில்லை. வேகம் குறையத் தொடங்கியது. வெளியேற வேண்டுமெனப் பின்னாலிருந்தவர் கூறினார். விமானியோ கோளாறைக் கண்டறியவும் ஓடுபாதையை நோக்கித் திரும்பவும் முயன்றுகொண்டிருந்தார். அந்நிலையிலேயே இரு ஆசனங்களும் வெடித்து இருவரையும் வெளியேற்றின. ஒருவர் இழுத்தால் இருவரும் வெளியேறும் அமைப்பு அது. தாம் வெளியேற இன்னும் ஆயத்தமாகவில்லை என்று விமானி விசாரணையாளர்களிடம் தெரிவித்தார். இருவரும் சிறு காயங்களோடு தப்பினர். விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் வீழ்ந்து, ஆளில்லாமல் நின்ற வாகனங்களை மோதியது. தரையில் எவருக்கும் காயமில்லை.

பின்னாலிருந்தவர் இழுத்தது சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமல்ல. அவர் காத்திருந்திருந்தால் இருவருமே இறந்திருக்கவும் கூடும். ஆசனத்தைப் பொறுத்தவரை அன்று எல்லாமே வெற்றி. பல தசாப்தங்கள் பழைமையான தோட்டா வடிவமைப்பு, பழைய பரசூட், எல்லாம் சொன்னபடி இயங்கின. ஆனால் பல தொன் நிறையும் எரிபொருளும் கொண்ட விமானம் எங்கே செல்லவேண்டுமென்பதை அந்தக் கணத்திலிருந்து எவரும் தீர்மானிக்கவில்லை. அந்தக் குடியிருப்பின் வாசலில் அப்போது ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்ததா இல்லையா என்பது தற்செயலுக்கு விடப்பட்டது.

வடக்கு, கிழக்கு மக்களுக்குக் கிபிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் விமானியின் பாதுகாப்பு நினைவுக்கு வருவதில்லை. பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். போரும் வேடிக்கைக் காட்சியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் தலைக்கு மேலே செல்லும் ஜெட் விமானத்தைக் கீழிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில், இவ்விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படாத தரப்பைப் பற்றி எமக்குச் சொல்வதற்கு உண்டு. ஆசனம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே அது. 1956 ஒக்டோபர் முதலாந் திகதி பிரித்தானிய விமானப்படையின் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஹீத்ரோவில் விபத்துக்குள்ளானபோது வெளியேற்று ஆசனமிருந்த விமானிகள் இருவரும் தப்பினர். ஆசனமில்லாத ஏனைய நால்வரும் இறந்தனர். ஒரே விமானத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு என்றால் வெளியே இருப்பவர்களின் நிலையைக் கேட்கவேண்டியதில்லை.

1972 செப்டெம்பர் 24 ஆம் திகதி கலிபோர்னியாவின் சக்ரமென்டோ நகரில் தனியாருக்குச் சொந்தமான சேபர் ஜெட் விமானம் ஓடுபாதையிலிருந்து சரியாக மேலெழ முடியாமல் வீதியைக் கடந்து ஐஸ்கிறீம் கடையொன்றினுட் புகுந்தது. 22 பேர் மாண்டனர். அவர்களுள் 12 பேர் சிறுவர்கள். விமானி உயிர்தப்பினார். 2015 ஆகஸ்ட் 22 ஆம் திகதி இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் நடந்த விமானக் காட்சியில் தனியார் ஹன்டர் விமானமொன்று செங்குத்தாக மேலேறி வளைந்து இறங்கும் சாகசத்தின்போது ஏ-27 நெடுஞ்சாலையில் வீழ்ந்தது. 11 பேர் கொல்லப்பட்டனர். அவர்களெல்லாரும் விமானத் திடலுக்கு வெளியே, வீதியிலும் அதனருகிலும் இருந்தவர்கள். சிலர் தம் அலுவலாக அவ்வழியே சென்றவர்கள். விமானி கடுங்காயங்களோடு பிழைத்தார். 2019 இல் நீதிமன்று அவரைக் குற்றவாளியல்லவென விடுவித்தது. 2022 இல் மரண விசாரணை, அந்த 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என முடிவு கூறியது.

ஷோர்ஹாம் விபத்தின் விசாரணையில் ஆசனங்களைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை 2015 டிசெம்பரில் வெளிவந்தது. அந்த ஹன்டரின் ஆசனத் தோட்டாக்கள் காலாவதியானவை. அப்படியிருந்தும் அவை வெடிக்கக்கூடியவையே. நொறுங்கிக் கிடந்த விமானத்தின் நடுவே தீயணைப்பு வீரரும் மருத்துவ உதவியாளரும் ஆட்களைத் தேடியபோது, எப்போது வெடிக்குமென்று தெரியாத மருந்து அவர்களருகே கிடந்தது. வெளியேற்று ஆசனமுள்ள விமானத்தின் பக்கவாட்டில் சிவப்பு முக்கோணக் குறியிட்டு எச்சரிப்பது வழக்கம். சிதைந்த உலோகக் குவியலில் முக்கோணத்தை எங்கே தேடுவது? இத்தகைய ஆசனங்களின் நன்மைகளையும் அபாயங்களையும் மீளாய்வு செய்யுமாறு விசாரணைப் பிரிவு சிவில் விமான அதிகார சபையைக் கேட்டுக்கொண்டது. எமது தலைப்பிலுள்ள வினாவை அரச நிறுவனமொன்றே எழுப்பியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த ஹன்டரில் ஆசனம் புத்தம் புதிதாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதிகம் மாறியிருக்காது. இங்கேதான் பழைய ஆசனங்களின் எல்லை எதுவென்று பார்க்கவேண்டும். நின்ற நிலையிலும் உயிர்காக்கும் ஆசனங்கள் 1960 களின் பின்னரே பரவலாயின. அதற்கு முந்திய ஆசனங்களுக்குக் குறைந்தபட்ச உயரமோ வேகமோ தேவை. ஹன்டர், ஜெட் ப்ரொவோஸ்ட் பயிற்சி விமானங்களில் இருந்த மார்க் 4 ஆசனம் தரைமட்டத்திலும் இயங்கும். ஆனால் விமானம் ஏறத்தாழ மணிக்கு 165 கிலோமீற்றர் வேகத்திலாவது சென்றுகொண்டிருக்க வேண்டும். இக்கணக்கெல்லாம் விமானம் மட்டமாகப் பறக்கும்போதுதான் பொருந்தும். மூக்குக் கீழ்நோக்கி விரையும் விமானத்திலிருந்து மேலே வீசப்படும் ஆசனமும் விமானத்தின் வீழ்ச்சி வேகத்தையே சுமந்துகொண்டு வருகிறது. பரசூட் விரிவதற்குள் தரை வந்துவிடும். ஒருபக்கம் சரிந்திருந்தால் ஆசனம் மேலே செல்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் பாயும்.

காட்சிப் பறப்பில் விபத்து நேர்வது பெரும்பாலும் இத்தகைய நிலையில்தான். ஷோர்ஹாமில் ஹன்டர் தன் வளைவின் உச்சியை அடைந்தபோது ஏறத்தாழ 2,700 அடி உயரத்திலேயே இருந்தது. குறைந்தது 3,500 அடி தேவைப்பட்டது. உச்சியில் இருந்தபோது வெளியேறியிருக்கலாம், அல்லது சாகசத்தைக் கைவிட்டு விமானத்தை நேராக்கியிருக்கலாம். தவறு நேர்ந்துவிட்டது என்று மனிதமனம் ஏற்றுக்கொள்ளச் செல்லும் சில விநாடிகளில் இரண்டு வாய்ப்புகளும் கடந்துவிடுகின்றன. 1989 ஜூன் 8 ஆம் திகதி பாரிஸ் விமானக் காட்சியில் சோவியத் விமானி அனற்றோலி க்வோச்சூர், பறவை புகுந்து இயந்திரம் பழுதான மிக்-29 இலிருந்து தரையில் மோதுவதற்கு ஏறத்தாழ இரண்டரை விநாடிகளுக்கு முன் வெளியேறிப் பிழைத்தார். அது அன்றைய காலத்தின் மிகச் சிறந்த ஆசனம், அவர் தேர்ந்த பரிசோதனை விமானி. 1950 களின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பகுதிநேர விமானி அந்தக் காட்சியை மனதிற்கொண்டு தைரியமடைவது பேதைமை.

அவ்வாறாயின் விடைதான் என்ன? எமது கருத்து விமானத்தின் தன்மையைப் பொறுத்தது. எல்-39, ஜெட் ப்ரொவோஸ்ட் போன்ற நேரான இறக்கையுடைய, மெதுவாகத் தரையிறங்கக்கூடிய விமானத்தில், ஆசனத்தை உரியபடி பராமரிக்கும் வசதி இல்லாதவர் வெடிமருந்தை முற்றாக நீக்கிவிட்டு, ஓடுபாதைக்கு எட்டும் தூரத்தில், சாகசமின்றிப் பறப்பது நியாயமான முடிவு. நண்பர்களை ஏற்றிச் செல்பவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஹன்டர், மிக், லைட்னிங் போன்றவற்றில் அந்த முடிவுக்கு இடமில்லை. அவற்றின் ஆசனம் முழுமையாக இயங்கவேண்டும். காலாவதியாகாத தோட்டா, பயிற்றப்பட்ட பராமரிப்பாளர், தயாரிப்பாளரின் ஆதரவு, பின்னால் அமர்பவருக்கு முறையான பயிற்சி ஆகிய நான்கில் ஒன்றேனும் இல்லையென்றால் அந்த விமானம் பறக்கக்கூடாது. ஆசனத்துக்குத் தோட்டா கிடைக்கவில்லை, ஆகவே அதனை நீக்கிவிட்டுப் பறக்கிறோம் என்று சரிந்த இறக்கை விமானத்தின் உரிமையாளர் கூறுவாராயின், பிரேக் பழுதாகிவிட்டது, ஆகவே ஹோர்ன் அடித்துக்கொண்டு செல்கிறோம் என்று எமது பஸ் சாரதி கூறுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பழைய விமானத்தை வானிற் காண்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்காகத் தம் சேமிப்பையும் ஆண்டுகளையும் செலவிடுவோரின் ஈடுபாடும் மதிக்கத்தக்கதே. தம் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமையுண்டென்று அவர்கள் வாதிட்டால் அதனையும் ஒருவாறு ஏற்கலாம். ஆயினும் ஷோர்ஹாம் விபத்துக்கு இரண்டு நாட்களின் பின்னர் பிரித்தானிய அதிகாரிகள் எடுத்த முதல் நடவடிக்கை ஆசனத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. தரைக்கு மேலாகப் பழைய ஜெட் விமானங்கள் சாகசம் புரிவதை அவர்கள் தடுத்தனர். நேராகப் பறந்து செல்வதற்கு மாத்திரமே அனுமதி வழங்கினர். காட்சியைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஏ-27 வீதியால் அடுத்த வாரம் வேலைக்குச் சென்றவர்களுக்கு எவ்வாறிருந்திருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.